லாபம், ரெண்டு, மூணு

அத்தியாயம் 6

காந்தி ரோட்டில் பஞ்சாட்சரம் பட்டு மாளிகைக்குள் கால் வைத்த அரை நிமிஷத்தில் அந்தோணி ஒரு குற்றம் செய்துவிட்டான்.

"இன்னாபா, ஃபேன்லாம் நிக்குது? கடையை மூடிட்டீங்களா?"

சேலை மடித்துக்கொண்டிருந்த தணிகாசலம் ஓடி வந்து வாயைப் பொத்தினார். தன் வாயை அல்ல, அந்தோணியின் வாயை.

"அந்த வார்த்தை இங்க வரக் கூடாதுபா. 'எடுத்து வெச்சிட்டீங்களா'ன்னு கேளு. கரண்டு போயிருக்குது, அவ்ளோதான்."

"'போயிருக்குது'ன்னு சொல்லலாமா?"

தணிகாசலம் முப்பது வருஷ சர்வீஸ் முழுவதையும் துழாவிப் பார்த்தார். "அதைப் பத்தி ஐயா இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று விட்டுவிட்டு, மறுபடி சேலைகளை எண்ணப் போனார். "லாபம், ரெண்டு, மூணு..." ஒன்று என்ற எண் அந்தக் கடையில் கிடையாது. எண்ணிக்கை லாபத்தில்தான் தொடங்கும்.

லோகாம்பாள் இதில் கலந்துகொள்ளாமல் சுற்றிலும் பார்த்தாள். நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஜரிகை சோதித்தவள். உரசிப் பார்த்து உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல், வேறு எது தெரிந்தாலும் போலி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்த பிறகு மனிதர்களையும் அப்படியே உரசிப் பார்த்தாள். பல பேருக்கு உள்ளே நூலே இருக்கவில்லை. அந்தோணி சங்கத்தின் வேன் டிரைவராக இருந்தவன். சங்கம் வேனை விற்றபோது, அவனை யாரும் ஏலம் கேட்காததால் அவளோடு வந்துவிட்டான்.

பஞ்சாட்சரத்தின் அறை மாடியில் இருந்தது. ஏறும் படியெல்லாம் அவருடைய புகைப்படங்கள். எல்லாவற்றிலும் யாரோ அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். 'பங்குச் செம்மல்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது பட்டுநகர் முதலீட்டாளர் வட்டம். அதன் நிறுவனர், தலைவர், பொருளாளர் மூவரும் அவரே. போர்த்திய சால்வையும் கடைச் சரக்குதான். விழா முடிந்ததும் மடித்து அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

"அமருங்கள் அம்மையீர். என் வரலாற்றை அறிந்திருப்பீர்கள்."

"இல்லீங்க."

"அறிந்துகொள்வீர்கள். சிகரம் சாஃப்ட்வேர், ஆயிரம் பங்குகள். அவை எனக்குப் பங்குகள் அல்ல, பிள்ளைகள். ஏப்ரல் ஐந்தாம் நாள், புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு என் அனுமதியின்றி அவை விற்கப்பட்டன. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்?"

"எங்க இருந்தீங்க?"

"கீழே, கூடத்தில். வட்டத்தின் நாற்பத்து மூன்று உறுப்பினர்கள் முன்னிலையில், 'விற்பவன் கோழை, வைத்திருப்பவன் வேழம்' என்ற தலைப்பில் உரையாற்றிக்கொண்டிருந்தேன்."

"வேழம்னா இன்னாங்க?" என்றான் அந்தோணி.

"யானை."

"யானை மேல ஏறிக்கினு எறங்க முடியலைன்னா?"

பஞ்சாட்சரம் அந்தக் கேள்வி அறையிலிருந்து வெளியேறும் வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஷேர் ஆபீசில் கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுபவள் கமலவேணி என்ற பெண். அவசரத்துக்கு உதவட்டும் என்று கையெழுத்து மட்டும் போட்ட வெற்று ஆர்டர் சீட்டுகள் நாலைந்தை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அதில் ஒன்றை எடுத்து அவளே நிரப்பி விற்றுவிட்டாள். இதுதான் வழக்கு.

"வித்த பணம் எங்க போச்சுங்க?"

"என் கணக்குக்குத்தான் வந்திருக்கிறது."

"திருடினவ, பணத்தை உங்க கணக்குலயே போட்டுட்டா."

"அதுதான் சதி. பம்பாயில் யாரோ பெரும்புள்ளிக்காக என் பிள்ளைகளை முந்நூற்று எழுபத்தெட்டுக்குத் தள்ளியிருக்கிறாள்."

"இன்னிக்கி இன்னா வெலை?"

"இருநூற்றுப் பத்தில்..." பஞ்சாட்சரம் சரியான சொல்லைத் தேடினார். "ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது."

மேஜை மேல் போலீசுக்கு எழுதிய புகார் தயாராக இருந்தது. ஐந்து மணிக்கு வட்டம் கூடுகிறது. லோகாம்பாள் வந்து, 'விசாரித்தேன், அந்தப் பெண்தான்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். கூட்டத்தோடு நடந்து போய் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார். கமலவேணியின் முதலாளியும், புகார் போன நிமிஷமே அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஒரு வரி சொல்வதற்குத் துப்பறியும் நிபுணர் எதற்கு என்று லோகாம்பாள் கேட்கவில்லை. சால்வை போர்த்த ஆள் வைப்பது போல இதுவும் ஒன்று என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தோணி மேஜையில் கிடந்த அன்றைய பேப்பரை எடுத்தான். வர்த்தகப் பக்கத்தின் வழியாக லோகாம்பாளின் முகம் தெரிந்தது.

"அக்கா, பேப்பர்ல ஜன்னல் வெச்சிருக்கிறாங்க. காத்தோட்டத்துக்குப் போல."

தலைப்புச் செய்தியில் 'பங்குச் சந்தையில் பெரும்' வரை இருந்தது. அதற்கப்புறம் ஓட்டை. அடுத்த செய்தியில் 'முதலீட்டாளர்களுக்கு'க்குப் பின்னால் ஓட்டை. ஓட்டைகளின் ஓரமெல்லாம் ரம்பப் பல் போல, வரிசை தவறாமல் வளைந்து வளைந்து வந்தது.

படியிறங்கும்போது தணிகாசலம் விளக்கினார். "ஐயாவே தெனம் காலைல வெட்றதும்மா. நஷ்டம், சரிவு, வீழ்ச்சி... தொழிலுக்கு ஆகாத வார்த்தை கடைக்குள்ள தங்கக் கூடாது." கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தக் கத்தரி தொங்கியது. ரவிக்கைத் துணியில் மாதிரி வெட்டினால் நூல் பிரியாமல் இருக்க, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் கத்தரி.

"வெட்டின வார்த்தையெல்லாம்?"

"பொழுதோட எதிர்க்கடை வாசல்ல போட்டுட்டு வந்துடுவேன்."

அந்தோணி எதிர்க்கடையைப் பார்த்தான். கல்யாணக் கூட்டம் வாசல் வரை நின்றது. "நல்லா வேலை செய்யுது" என்றான்.

*

ஷேர் ஆபீசில் இருபது பேர் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும் அமைதி. கமலவேணி மட்டும் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கீபோர்டைத் தொடக் கூடாது என்று முதலாளி தினகரன் சொல்லிவிட்டாராம். இருபத்து நாலு வயது, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், பி.காம்.

"நீ வித்தியாமா?" என்றாள் லோகாம்பாள்.

"வித்தேன்க்கா. அவரு விக்கச் சொன்னாரு, வித்தேன்."

"எப்ப சொன்னாரு?"

"அஞ்சாம் தேதி காலைல பத்து மணிக்குப் போன் பண்ணாரு. 'சிகரம், ஆயிரம், நானூறு, மூணாவது'ன்னாரு. அவ்ளோதான். அவசரத்துக்குக் குடுத்த சீட்டுல போட வேணாம், இதுக்குத் தனியா அனுப்பறேன்னாரு. தணிகாசலம் அண்ணன் கவர் கொண்டாந்து குடுத்தாங்க. உள்ள கையெழுத்தும் டிக்கும் மட்டும் இருந்துச்சு. பேரு, எண்ணிக்கையெல்லாம் எழுதறது அவருக்குக் கவுரவக் கொறைச்சல், அதை நான்தான் எழுதுவேன். பத்து பன்னெண்டுக்கு ஆர்டர் போட்டேன்."

"போட்டது பத்து பன்னெண்டு. வித்தது ரெண்டு நாப்பத்தொண்ணு. நடுவுல இன்னா பண்ணுச்சு, டீ குடிக்கப் போச்சா?" என்றான் அந்தோணி.

"தூங்குச்சுண்ணா."

அந்தோணி லோகாம்பாளைப் பார்த்தான். லோகாம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுமா. இவனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

கமலவேணி அந்தோணி பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு பொடவையை விக்க எடுத்துக்கினு போறீங்கன்னு வெச்சிக்கோங்க. 'பஸ்ஸுக்கு நேரமாச்சு, இப்ப இன்னா வெலையோ அதைக் குடு'ன்னா அது மார்க்கெட் ஆர்டர். ஒடனே வித்துடும். ஆனா வெலை உங்க கையில இல்ல."

"நம்ம வேனை அப்படித்தான் வித்தாங்க."

"'நாலாயிரத்துக்கு ஒரு ரூபா கொறைஞ்சாலும் குடுக்க மாட்டேன்'னா அது லிமிட். வெலை உங்க கையில. ஆனா அந்த வெலைக்குக் கேக்கறவன் வரலைன்னா பொடவை உங்க மடியிலயே கெடக்கும்."

"ரோஷக்காரன் ஆர்டரு. சரி, மூணாவது?"

"'இப்ப விக்க மாட்டேன், வெலை ஏறும்னு நம்பிக்கை இருக்குது. ஆனா மூவாயிரத்து ஐநூறுக்கு எறங்கிடுச்சுன்னா, என்னைக் கேக்காம, கெடைச்ச வெலைக்குத் தள்ளிடு.' அது ஸ்டாப் லாஸ். அந்த வெலை வர்ற வரைக்கும் ஆர்டர் தூங்கும். வந்துச்சுன்னா எழுந்து, மார்க்கெட் ஆர்டராயி ஓடும்."

"அதான் நானூறுன்னு போட்டும் முந்நூத்தி எழுவத்தெட்டுக்குப் போச்சா?"

"ஆமாண்ணா. நானூறுங்கறது எழுப்பற வெலை, விக்கற வெலை இல்ல. அன்னிக்கி மத்தியானம் எல்லாரும் ஒரே கதவுல வெளிய ஓடுனாங்க. கெடைச்சது அதான்."

லோகாம்பாள் இடையில் புகுந்தாள். "பத்து பன்னெண்டுக்கு இன்னா வெலை?"

"நானூத்தி முப்பத்தெட்டு."

"அப்ப திருட வந்தவ முப்பத்தெட்டுலயே வித்திருப்பா. காலைலயே ஆர்டரைப் போட்டுட்டு, 'ஏறும், ஏறும்'னு மத்தியானம் வரைக்கும் வேண்டிக்கினு உக்காந்திருக்க மாட்டா. அடுத்தவன் பொருள் மேல எந்தத் திருடனும் நம்பிக்கை வெக்க மாட்டான். நம்பிக்கையும் இருக்குது, பயமும் இருக்குதுன்னா அது சொந்தக்காரன்தான்."

அந்தோணி விசிலடிக்கப் போய், ஆஸ்பத்திரி அமைதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தினகரன் ஆர்டர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வழக்கு தன் மேஜையில் இல்லாமல் எங்கே போனாலும் அவருக்குச் சந்தோஷம். கையகலச் சீட்டு. கீழ்வரிசையில் மூன்று கட்டம்: மார்க்கெட், லிமிட், ஸ்டாப் லாஸ். மூன்றாவது கட்டத்தில் டிக். பக்கத்தில் 'ஸ்டாப்' மட்டும் இருந்தது. 'லாஸ்' அச்சாகியிருக்க வேண்டிய ஓரம் இல்லை. அங்கே சின்னதாக ஒரு வெட்டு. பல் பல்லாக, வரிசை தவறாமல்.

"அவசரத்துக்கு வெச்சிருக்கிற சீட்டுங்க?"

கமலவேணி டிராயரிலிருந்து நான்கை எடுத்துப் பரப்பினாள். நான்கிலும் பஞ்சாட்சரத்தின் கையெழுத்து யானை போல நின்றது. நான்கிலும் ஓரம் முழுசாக இருந்தது.

"இந்த ஓட்டையை நீ கேக்கலையாமா?"

"பெரிய கஸ்டமருக்கா. அவரு சீட்டை மாலையாட்டம் கட்டி அனுப்பினாகூட வாங்கிக்கணும்."

"திருடிட்டன்னு எப்ப சொன்னாரு?"

"வித்த கணக்கு மறுநாளே அவரு கடைக்குப் போயிடுச்சு. மூணு வாரம் பேச்சே இல்ல. போன திங்கக்கெழமை, 'ஐயா அன்னிக்கே வித்துட்டாராமே'ன்னு வட்டத்துல யாரோ கெளப்பிட்டாங்க. செவ்வாய்க்கெழமை நான் திருடி ஆயிட்டேன்." அவள் நான்கு சீட்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். "எங்கம்மாகூட அந்த வட்டத்துலதாங்க்கா. வடிவுன்னு. கூலியில மிச்சம் புடிச்சு சிகரத்துல இருவத்தஞ்சு பங்கு, அவரு பேச்சைக் கேட்டு வாங்குச்சு."

"இன்னும் வெச்சிருக்குதா?"

"வெச்சிருக்குது."

"அஞ்சாம் தேதி காலைலயே உனக்குத் தெரியும், அவரு வெளிய போவ வழி வெச்சிட்டாருன்னு."

"ஒரு கஸ்டமர் ஆர்டரை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுக்கா. சேர்ந்த அன்னிக்கே கையெழுத்து வாங்கினாங்க." அவள் அடுக்கிய சீட்டுகளை மறுபடி அடுக்கினாள். "அன்னிக்கி கூட்டம் முடிஞ்சு வந்து, 'ஐயா விக்காதீங்கன்னாரு கமலா'ன்னுச்சு. நான் சோறு போட்டுக் குடுத்தேன்."

அந்தோணி ஜோக் எதையும் தேடாமல், ஆர்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினான். 

*

ஐந்துக்குப் பத்து நிமிஷம். பட்டு மாளிகைக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து நாற்பத்து மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் தறிக்குழியிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள். படிக்கட்டடியில் லோகாம்பாள் அந்தோணியின் கையில் சீட்டின் ஜெராக்சைக் கொடுத்தாள். அசல் அவளிடம் இருந்தது.

"நான் எறங்கி வந்து தலையாட்டினா சொல்லு. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே."

"தொறக்க மாட்டேன்க்கா. சத்தியம்."

மாடியில் பஞ்சாட்சரம் புதுச் சால்வையோடு தயாராக இருந்தார். லோகாம்பாள் சீட்டை எடுத்து, அன்றைய பேப்பர் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு ஓரமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"பூச்சி அரித்திருக்கும்" என்றார் பஞ்சாட்சரம்.

"பல்லை எண்ணி வெச்சு அரிக்கிற பூச்சிங்க. உங்க கல்லாப்பொட்டிகிட்ட தொங்குது."

"அவளே வெட்டியிருக்கலாம் அல்லவா?"

"அவ எதுக்கு வெட்டணும்? அந்த வார்த்தையைப் பார்த்து பயப்படற ஆளு காஞ்சிபுரத்துல ஒருத்தர்தான். சும்மா கையெழுத்துப் போட்ட நாலு சீட்டுல அது முழுசா இருக்குது, உங்களுக்கு உறுத்தல. இதுல அதுக்கு நேரா டிக்குப் போட வேண்டியிருந்துச்சு. கை வரல. டிக்கைப் போட்டுட்டு வார்த்தையை வெட்டிட்டீங்க. வெட்டினா வார்த்தைதான் போவும், ஆர்டர் போவாதுங்க."

பஞ்சாட்சரம் சால்வையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"கீழ 'விக்காதே'ன்னு யானை கதை சொல்லிக்கினு இருந்தீங்க. அங்க ஷேர் ஆபீஸ்ல உங்க ஆர்டர் தூங்கிக்கினு இருந்துச்சு. நீங்க பேசிக்கினு இருக்கும்போதே எழுந்து ஓடிடுச்சு. உங்க பொருளை யாரும் திருடல. அந்தப் பொண்ணு நீங்க சொன்னதை அப்படியே செஞ்சு, உங்க பணத்தைக் காப்பாத்திக் குடுத்திருக்குது."

மேடைத் தமிழ் அந்த அறையை விட்டுப் போன சத்தம் கிட்டத்தட்டக் கேட்டது. "நாப்பத்து மூணு பேரும்மா" என்றார் பஞ்சாட்சரம். "தெரிஞ்சா எம் பேரு இன்னா ஆவறது?"

"அவ பேரு?"

"சின்னப் பொண்ணு. வேற எங்கனா வேலை கெடைச்சுடும்."

லோகாம்பாள் வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்த ஆர்டர் உங்களதுதான், கமலவேணி மேல தப்பு இல்லைன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. அந்தப் புகாரைக் கிழிச்சுடுங்க. இல்லைன்னா இந்தச் சீட்டும் பேப்பரும் உங்களுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போயிடும்."

"எழுதிட்டா... கீழ சொல்ல மாட்டீங்களே?"

"என் வாயால ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவர் எழுதினார். கையெழுத்து இந்தத் தடவை கொஞ்சம் சின்ன யானை. லோகாம்பாள் தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே அவரும், படத்துக்குப் படம் நிமிர்ந்துகொண்டே இறங்கினார்.

கூடத்தில் ஆர்டர் சீட்டின் ஜெராக்ஸ் கைக்குக் கை மாறி மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தது. அந்தோணி தூணில் சாய்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தலையாட்டினாதான்னு சொன்னேனே" என்றாள் லோகாம்பாள்.

"சொன்னீங்கக்கா. லிமிட்டு. ஆனா வடிவம்மா வந்து, 'கையில இன்னாபா'ன்னு கேட்டுச்சு. கேட்ட வெலைக்குப் போயிடுச்சு. எனக்கு மார்க்கெட் ஆர்டர் மட்டும்தான் வருது."

லோகாம்பாள் கோபப்படவில்லை. பதினோரு வருஷமாக அந்தோணியைத் தெரியும். அவனிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டு நிதானமாக மாடிப்படி ஏறுகிறவள், என்ன நடக்கும் என்று தெரியாமல் ஏறுவாளா?

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, விரல் நுனியெல்லாம் சாயம். வடிவு.

"எம் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றாள் லோகாம்பாள்.

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா இன்னிக்கி நெசமாவே தப்பு பண்ணவளா ஆயிருப்பா."

வடிவு லோகாம்பாள் நீட்டிய தாளை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றவர் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. கடைக்கு வந்து விலை விசாரிப்பது மாதிரிதான் கேட்டாள்.

"ஐயா, எங்களையெல்லாம் வெச்சிக்கோங்கன்னு சொல்லிட்டு நீங்க ஒண்ணு போட்டீங்களே, அது பேரு இன்னா?"

"மூணாவது" என்றார் பஞ்சாட்சரம்.

"மூணாவதுன்னு தெரியுது. பேரு சொல்லுங்க. அடுத்த தபா நாங்களும் கேட்டுப் போடணும் இல்ல?"

"ஸ்டாப்" என்றார். அதோடு நின்றார்.

"அப்பறம்?"

ஓரத்தில் தணிகாசலம் மட்டும், வேலையை விடக் கூடாது என்று சேலை எண்ணிக்கொண்டிருந்தார். "லாபம், ரெண்டு, மூணு..." நாற்பத்து மூன்று பேரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். பஞ்சாட்சரம் சுவரில் இருந்த பஞ்சாட்சரங்களைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

"லாஸ்" என்றார்.

எண்ணிக்கை நின்றது. தணிகாசலம் முப்பது வருஷப் பழக்கத்தில் ஓடிப்போய்க் கத்தரியை எடுத்தார். எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்று, எதை வெட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார்.